சம்பந்தி ஏறிய பேருந்து

என் அக்கா புருஷனுக்குப் பேருந்தில் போவதுதான் வேலை. ஓட்டுநர் இல்லை, நடத்துநர் இல்லை. சும்மா ஏறி, உட்கார்ந்து, இறங்கி வருவதற்குப் போக்குவரத்துக் கழகம் அவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தது. கல்யாணப் பேச்சு நடந்தபோது இதைக் கேட்டு எங்கள் வீட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "பஸ்சுல போறதுக்கு நாமதானே காசு குடுக்கணும்? இவருக்கு எதுக்கு அவங்க குடுக்குறாங்க?" என்று அப்பா விசாரித்தார். "நான் சேவைத் தர மதிப்பீட்டாளர்" என்றார் அத்தான். பெயர் நீளமாக இருந்ததால் அப்பா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

வேலை இதுதான். சாதாரணப் பயணி மாதிரி பேருந்தில் ஏற வேண்டும். நேரத்துக்கு வந்ததா, சுத்தமாக இருக்கிறதா, நடத்துநர் மரியாதையாகப் பேசினாரா, ஓட்டுநர் போட்ட பிரேக்கில் யாராவது யார் மடியிலாவது போய் உட்கார்ந்தார்களா என்றெல்லாம் கவனித்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். அந்த மதிப்பெண் செலவுப் பிரிவுக்குப் போகும். ஒரு தடத்தில் எத்தனை பேருந்து ஓடுகிறது, அதற்கு என்ன செலவு, அந்தச் செலவுக்கு எத்தனை மதிப்பெண் தேறியது என்று அங்கே கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். எந்தத் தடத்துக்குப் பேருந்து கொடுப்பது, எதிலிருந்து பிடுங்குவது என்று முடிவாவது அப்படித்தான்.

"இந்த வேலைக்கு உயிரே ரகசியம்தான்" என்பார் அத்தான். அதற்காக அவர் எடுக்காத அவதாரம் கிடையாது. ஒருநாள் தொப்பி, ஒருநாள் கறுப்புக் கண்ணாடி, ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய கிட்டார் உறை. உள்ளே கிட்டார் கிடையாது, ஒரு தலையணைதான் இருந்தது. ஒருமுறை காலில் பெரிய கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டியபடி போனார். நடத்துநர் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்காரவைத்தாராம். இறங்கும்போது ஓட்டுநரே இருக்கையை விட்டு எழுந்து வந்தாராம். "மனுஷத்தன்மை இன்னும் சாகலை" என்று கண் கலங்கச் சொன்னார். மரியாதைக்கு முழு மதிப்பெண் போட்டார்.

கையில் நோட்டு வைத்திருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று எல்லாவற்றையும் இடது உள்ளங்கையில் எழுதுவது அவர் பழக்கம். பேருந்து நின்றதும் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். ஜன்னல் கம்பியை விரலால் தடவி, அந்த விரலை முகர்ந்து பார்ப்பார். படியின் உயரத்தைச் சாண் போட்டு அளப்பார். அப்புறம் உள்ளங்கையில் எழுதுவார். இதையெல்லாம் செய்கிற இன்னொரு சாதாரணப் பயணியை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆக, ரகசியம் ஊருக்கே தெரிந்திருந்தது, அவரைத் தவிர. நான் திரைச்சீலை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். பேருந்து நிறுத்தத்துக்கு நேர் எதிரே கடை. நடத்துநர்கள் சீருடைக் கால்சட்டையை இடுப்பில் பிரித்துத் தைக்க என்னிடம்தான் வருவார்கள். இடுப்பு வருஷத்துக்கு ஒருமுறை பெருக்கும் தொழில் அது. அவர்கள் வாயிலிருந்துதான் அத்தானுக்கு அவர்கள் வைத்த பெயரைக் கேட்டேன்: 'சம்பந்தி'. பிள்ளையைப் பெற்ற சம்பந்தி வீட்டுக்கு வந்தால் எப்படிக் கவனிப்போமோ அப்படிக் கவனிக்க வேண்டிய ஆள் என்று அர்த்தம். அவர் ஏதாவது ஒரு பேருந்தில் ஏறினால் போதும், "சம்பந்தி ஏறிட்டாரு" என்று அடுத்த வண்டிக்குத் தகவல் போய்விடும். தரை கழுவப்படும், சட்டைப் பித்தான்கள் மேல்வரை ஏறும், ஓட்டுநர் வாயிலிருக்கும் பாக்கைத் துப்பிவிட்டு முட்டைக் கூடை ஏற்றியவர் மாதிரி வண்டியை ஓட்டுவார்.

கேட்ட அன்றைக்கே அத்தானிடம் சொல்லிவிட்டேன். மனதில் பூட்டிவைத்துப் பழக்கமில்லை எனக்கு. அவர் சிரித்தார். "அவங்க வீட்டுக் கல்யாணத்தைப் பத்திப் பேசியிருப்பாங்க. நானும் கவனிச்சிருக்கேன். அந்தப் பணிமனையில எல்லாரும் குடும்பப் பாசம் உள்ளவங்க. எப்பப் பாத்தாலும் போன்ல சம்பந்தியைத்தான் விசாரிக்கிறாங்க" என்றார். அதற்கும் குறிப்புரையில் ஒரு வரி எழுதினாராம். இப்படிப்பட்டவரிடம் நான் என்ன சொல்ல? போய் என் தையல் மெஷினை மிதித்தேன்.

அவருடைய வேலை வெளியே யாருக்கும் கெடுதல் செய்யாமல் இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் பெண்டாட்டி தினமும் அதே தடத்தில்தான் வேலைக்குப் போனாள். அக்காவுக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை. நோயாளிகளை வரிசைப்படி உள்ளே அனுப்புவது, வலியில் கத்துகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, போன் எடுப்பது எல்லாம் அவள்தான். அவள் வராவிட்டால் டாக்டரம்மாவே கையுறையோடு வெளியே வந்து "அடுத்து யாரு?" என்று கேட்க வேண்டியிருக்கும். அதற்குள் உள்ளே வாயைத் திறந்துவைத்துப் படுத்திருப்பவர் தூங்கிப்போவார்.

அக்கா ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி நிறுத்தத்தில் நிற்பாள். நான் கடைக் கதவைத் தூக்கும்போது நிற்பாள். ஒரு ஜன்னலுக்குத் திரை வெட்டி முடித்துவிட்டுப் பார்த்தாலும் நின்றுகொண்டிருப்பாள். மூன்று பேருந்து ஓடுகிற தடம் என்று பெயர். மூன்றும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொண்டு ஒரே நேரத்தில் வரும், அல்லது மூன்றுமே வராது.

சாயங்காலம் வீட்டில் இதே பேச்சுதான்.

"இன்னைக்கும் பஸ் லேட்டு. ஆஸ்பத்திரிக்கு ஓடித்தான் போனேன்" என்பாள் அக்கா.

தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே அத்தான் சொல்வார்: "இருக்காதே."

"என்ன இருக்காது? அங்க நின்னது நானு."

"அந்தத் தடம் நேரந்தவறாமையில இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு. போன வாரம்தான் நானே போனேன். கடிகாரம் மாதிரி டாண்ணு வந்து நின்னுச்சு."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பொய்னு யாரு சொன்னா? அவதானிப்புப் பிழை. பயிற்சி இல்லாம பாக்குறவங்களுக்கு அது சகஜம்."

பதினோரு வருஷமாக இந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு அவருக்குச் சோறும் போட்ட என் அக்காவுக்கு எத்தனை மதிப்பெண் போட்டாலும் தகும். என் வீட்டுக்காரர் என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் கரண்டி பறந்திருக்கும்.

ஒருநாள் அத்தான் கையில் இனிப்புப் பெட்டியோடு வந்தார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். "நம்ம தடம்தான் மொத்தக் கழகத்துலயே முதலிடம். தொண்ணூத்தாறு மார்க்கு! பணிமனைக்குக் கேடயம் குடுக்கப் போறாங்க" என்று அறிவித்தார். அவர் இனிப்பை நீட்டிக்கொண்டே தொடர்ந்தார்: "செலவுப் பிரிவுல ஒரு அருமையான முடிவு எடுத்திருக்காங்க. இவ்வளவு நல்லா ஓடுற தடத்துக்கு மூணு பஸ் எதுக்கு? ஒண்ணை எடுத்துட்டாலும் எண்பது மார்க்குக்குக் குறையாதாம். அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டுதான். மிச்சமாகுற பஸ்ஸை ஏதாவது பாவப்பட்ட தடத்துக்குக் குடுப்பாங்க."

அக்கா கையிலெடுத்த இனிப்பைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். "டாக்டரம்மா போன வாரமே சொல்லிட்டாங்க. இன்னும் ஒரு தடவை லேட்டா வந்தா அந்த நாற்காலிக்கு வேற ஆளாம். மூணு ஓடும்போதே மூச்சு வாங்குது. ரெண்டு ஓடினா நான் வேலைக்குப் போறதா, ஸ்டாப்புலயே குடித்தனம் பண்றதா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அக்கா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அத்தானோ கைகளைப் பிசைந்துகொண்டு, "ஆதாரத்தோட எடுத்த முடிவு அது" என்றார்.

"ஆதாரமா?" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு லீவு போடுங்க. இவ கடைக்குள்ள ஒளிஞ்சு உக்காருங்க. நான் வழக்கம்போல ஸ்டாப்புல நிக்கிறேன். வாயைத் திறக்காம பாருங்க. அப்புறம் சொல்லுங்க யாருக்குப் பிழைன்னு."

ஒளிந்து உட்காருவது என்றதும் அவருக்குச் சம்மதமாகிவிட்டது. ரகசியம் என்றால் அவருக்கு அல்வா.

மறுநாள் காலையில், ஏதோ விடுதிக்காக நான் தைத்துக்கொண்டிருந்த பூப்போட்ட நீளத் திரைக்குப் பின்னால் அத்தானை நிறுத்தினேன். திரைக்குக் கீழே செருப்பு இரண்டும் வெளியே தெரிந்தன. அதைக் கழற்றச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். எதிரே அக்கா நின்றாள். அவளோடு பள்ளிப் பிள்ளைகள், ஒரு பால்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண் என்று கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. பேருந்தைக் காணோம்.

"டயர் பஞ்சராகியிருக்கும்" என்றது திரை.

நான் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். இன்னும் நேரம் போனது.

"வழியில ஏதாவது ஊர்வலமா இருக்கும்" என்றது திரை, சற்றுச் சுரத்துக் குறைந்து.

அக்கா சாலையைப் பார்க்கவே இல்லை. நேராக என் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை திரையைத் துளைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். உள்ளேயிருந்து கனைப்பு, பெருமூச்சு, துணி சலசலப்பு எல்லாம் வந்தன. கடைசியில் அவர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, காதோரம் ஒரு நூல் பிசிறு. "இதை நான் நேர்லயே போய்க் கேக்கப்போறேன்" என்று வெறுங்காலோடு வாசலுக்கு இறங்கினார்.

அதே நேரத்தில் எதிர்த்திசைப் பேருந்து ஒன்று என் கடை வாசலில் வந்து நின்றது. படியில் தொங்கிக்கொண்டிருந்த நடத்துநரும் அத்தானும் மூக்கோடு மூக்கு உரசுகிற தூரத்தில் சந்தித்துக்கொண்டார்கள். நடத்துநரின் கை தானாகச் சட்டைப் பித்தானுக்குப் போனது. "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு, உள்பக்கம் திரும்பி, வெளியே யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு போனில் கத்தினார்: "டேய், சம்பந்தி ஸ்டாப்புல நிக்கிறாரு! லீவுன்னு எவன்டா சொன்னது? டீயைக் கீழ வச்சிட்டு வண்டியை எடுங்கடா!"

அத்தான் அப்படியே நின்றார். அவர் எதுவும் கேட்பதற்குள் அந்தப் பேருந்து பறந்துவிட்டது. சாலையைக் கடந்து அக்காவின் பக்கத்தில் போய் நின்றார். கடையைத் திறந்து போட்டுவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். இப்படிப்பட்ட காட்சியை யாராவது விடுவார்களா?

நான் போய் நின்று மூச்சு வாங்குவதற்குள் திருப்பத்தில் பேருந்து தெரிந்தது. கழுவிய தரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. ஓட்டுநரின் தலை ஈரமாக வாரியிருந்தது. நடத்துநர் கீழே குதித்து, கூட்டத்தை விலக்கி, அத்தானுக்கு முன்னால் நின்று, "வாங்க சார். மூணாவது வரிசை ஜன்னலோரம் காலியாத்தான் வச்சிருக்கோம்" என்றார்.

"நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று அத்தான் கேட்டார்.

இதுவும் பரீட்சையில் ஒரு கேள்விதான் என்று நடத்துநர் நினைத்துக்கொண்டார். "சத்தியமாத் தெரியாது சார்."

"தெரியாத ஆளுக்கு எதுக்குச் சீட்டு பிடிச்சு வச்சீங்க?"

"தெரியாத எல்லாருக்கும் இதே மரியாதைதான் சார்."

"சம்பந்தின்னா யாரு?"

நடத்துநர் ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பயணிங்க எல்லாருமே எங்களுக்குச் சம்பந்தி மாதிரிதான் சார்" என்றார். கைக்குழந்தையோடு நின்ற பெண் சிரித்துவிட்டாள். "இவரு வந்தாத்தான் பஸ் வரும்னு யாராவது சொல்லியிருந்தா, தினம் தூக்கிட்டு வந்திருப்போமே" என்றார் பால்காரர்.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா பேருந்தில் ஏறிப் போய்விட்டாள். அவளுக்கு நேரமாகிவிட்டது; அன்றைக்கு டாக்டரம்மா வருவதற்குச் சற்று முன்னால்தான் போய்ச் சேர்ந்தாளாம். அவர் ஏறவில்லை. என்னோடு கடைக்குத் திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அவரைத் திட்டுவதற்காக நான் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளுக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு, "பதினோரு வருஷமா எனக்காகவே ஓட்டியிருக்காங்க. நான் ஊருக்கே ஓடுதுன்னு எழுதியிருக்கேன்" என்றார். பாவமாகிவிட்டது. ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

அன்றைக்கே அவர் புது அறிக்கை எழுதினார். எல்லாப் பிரிவிலும் சைபர். குறிப்புரையில், 'நான் பார்த்த சேவை எனக்காக மட்டும் நடத்தப்பட்டது. இத்தடம் பற்றி என் மனைவி கூறியதே சரி. பேருந்தைக் குறைக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய மேலதிகாரி படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாராம். "ஊருக்கே தெரிஞ்ச ரகசியப் பயணியை வச்சு நாங்க என்ன பண்றது? இதை உள்ள அனுப்பினா உங்க பதவியே போயிடும். பேசாம எழுபதுன்னு போட்டுக் குடுங்க, ரெண்டு பேரும் நிம்மதியா இருப்போம்" என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். எழுபது போட்டாலும் பஸ்ஸை எடுத்துவிடுவீர்களா என்று அத்தான் கேட்டார். எடுத்துவிடுவோம் என்றார் அவர். அப்படியானால் சைபரே இருக்கட்டும் என்று வந்துவிட்டார். அத்தான்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

அறிக்கை 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. பரிசீலனையில் இருக்கும் தடத்தில் பேருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாதாம். ஆக மூன்றாவது பேருந்து தப்பித்தது, அக்காவின் நாற்காலியும் தப்பித்தது. கழகத்தில் பரிசீலனை எவ்வளவு காலம் நடக்கும் என்று தெரிந்தவர்கள், அக்கா ஓய்வு பெறும்வரை கவலையில்லை என்றார்கள்.

தப்பிக்காதது அத்தான்தான். அவரைத் தொலைந்த பொருள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அது தடத்தின் கடைசி நிறுத்தத்தில் இருக்கும் பணிமனையின் பின்கட்டு. பேருந்தில் ஜனங்கள் விட்டுப்போன குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, பல்செட் எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி அடுக்குவது வேலை. கேடயம் கைநழுவிப்போன வருத்தத்தில் மூன்றாவது வரிசையில் இடம் பிடித்துவைத்த நடத்துநர் என் கடைக்கு வந்து புலம்பினார். "சம்பந்திக்காக நாங்க என்ன குறை வச்சோம், சொல்லுங்கம்மா? வெயிலு மழைன்னு பாக்காம தரையைக் கழுவினோமே. சைபர் போட மனசு வந்துச்சே அவருக்கு!" நிஜமாகவே மனம் நொந்துபோயிருந்தார். கால்சட்டைக் கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

புது வேலையின் முதல் நாள் அத்தானும் அக்காவும் ஒன்றாக நிறுத்தத்தில் நின்றார்கள். கடையிலிருந்து பார்த்தேன். இப்போது அவரை யாரும் போனில் அறிவிக்கவில்லை. நின்றார்கள், நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். வந்த பேருந்தில் அதே நடத்துநர், "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று அத்தானின் முதுகில் கைவைத்துத் தள்ளினார். அக்காவின் ஆஸ்பத்திரி பாதி வழியிலேயே வந்துவிடும் என்பதால் அவள் இறங்கி ஓடி நேரத்துக்குப் போய்விட்டாள். அத்தான் கடைசி நிறுத்தம் வரை தொங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் நான் போனபோது அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"முதல் நாளே லேட்டு. பிரிவுத் தலைவர் காரணம் கேட்டாரு. பஸ் வரலைன்னு சொன்னேன். அவரு அலமாரியிலேர்ந்து தரப் பட்டியலை எடுத்துப் பாத்தாரு. புது அறிக்கை முடிவாகிற வரைக்கும் பழசுதான் செல்லுமாம். 'உங்க தடம் முதலிடம், தொண்ணூத்தாறு மார்க்கு. கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானே? அப்புறம் எப்படி சார் பஸ் வராம இருக்கும்?'னு கேக்குறாரு. என்ன சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறாரு. அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்" என்றார்.

எனக்கு நாக்கு துறுதுறுவென்றது. அவதானிப்புப் பிழை என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து அன்றைக்கு ஒரே மூச்சில் கேட்டிருப்பேன். அக்கா என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அவருடைய தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். "லேட்டாத்தாங்க வந்துச்சு" என்றாள். "நான் நம்புறேன். சாப்பிடுங்க."